பாத்ரூமை இடித்துக் கட்டும் முன்: எந்தத் தொந்தரவுக்கு எதை மாற்றுவது

எஸ்.எஸ். காலனி, அண்ணா நகர், கே.கே. நகர், திருநகர் என்று மதுரையில் இருபது முப்பது வருடத்துக்கு முன் எழும்பிய வீடுகளில், பெரிய படுக்கையறையை ஒட்டிய பாத்ரூம் பெரும்பாலும் 5 அடி அகலம், 7 அல்லது 8 அடி நீளம்தான். அதை உடைத்துப் புதுசாக்க நினைப்பவர்கள் முதலில் சொல்வது, "இடம் பத்தலைங்க." நிஜமாகவே பத்தும். குளியலும் கழிப்பறையும் சேர்ந்த அறைக்கு 2.8 சதுர மீட்டர் பரப்பும் 1.2 மீட்டர் அகலமும் குறைந்தபட்சம் வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு. அது சுமார் 30 சதுர அடி. நம் 5க்கு 7 பாத்ரூம் 35 சதுர அடி. ஆக, குறை பரப்பில் இல்லை. கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதில்தான் இருக்கிறது.

என் கட்சியை முன்னாடியே சொல்லிவிடுகிறேன். வெஸ்டர்ன் கோப்பை இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். கதவு, பேசின், ஷவர், தரையின் வாட்டம் (தண்ணீர் ஓடுவதற்கான சாய்வு) எல்லாவற்றையும் அதைச் சுற்றி மாற்றிக்கொள்ளுங்கள். இன்ஜினியர் வரைந்த படம் அழகாக இருக்கிறது என்பதற்காகக் கோப்பையை எதிர்ச் சுவருக்குத் தூக்கிப்போட்ட வீடுகளில்தான் இரண்டாம் முறை டைல்ஸ் உடைக்கும் வேலை வருகிறது.

கீழே உள்ள தலைப்புகளில் உங்கள் வீட்டில் எது நடக்கிறதோ அங்கே நேராகப் போகலாம். ஆனால் சம்மட்டி எடுப்பதற்கு முன் அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுவது நல்லது.

## உடைக்கும் முன் பார்த்துவைக்க வேண்டியது

வீட்டுக்கு வெளியே இருக்கும் சேம்பர்களின், அதாவது கழிவுநீர்க் குழாய்கள் வந்து சேரும் சின்னத் தொட்டிகளின், மூடிகளை எல்லாம் திறந்து வையுங்கள். ஒருவர் உள்ளே போய்க் கோப்பையில் ஒரு வாளி, தரைச் சல்லடையில் ஒரு வாளி, பேசினில் ஒரு குடம் என்று தனித்தனியாக ஊற்றட்டும். இன்னொருவர் வெளியே நின்று எது எந்தக் குழாயில் வருகிறது என்று பார்க்கட்டும். துணிக்குப் போடும் சொட்டு நீலம் கொஞ்சம் கலந்துவிட்டால் குழப்பமே இருக்காது. பழைய வீடுகளில் கோப்பைக் குழாய் தனியாக செப்டிக் டேங்குக்கும், குளிக்கிற தண்ணீர் தனியாக வாய்க்காலுக்கோ பின்கட்டுத் தென்னைக்கோ போகும். பாதாளச் சாக்கடை வந்ததும் இரண்டையும் ஒரே சேம்பரில் முடிந்துவிட்ட வீடுகளும் உண்டு. 2011-இல் மாநகராட்சியோடு சேர்ந்த அவனியாபுரம், விளாங்குடி, திருநகர் பக்கத்தில் தெருவுக்குத் தெரு நிலைமை வேறு. பக்கத்து வீட்டில் கேட்டு முடிவு செய்யாதீர்கள். உங்கள் சேம்பரையே கேளுங்கள்.

அடுத்தது சுவர். 9 அங்குலச் சுவரா, நாலரை அங்குலமா? நாலரை அங்குலச் சுவரில் படுக்கைவாட்டில் நீளமாகக் காடி வெட்டினால் சுவர் பலம் போய்விடும். நெட்டாக மட்டும் வெட்டிக் குழாயை இறக்க வேண்டும். பீமைத் துளைத்து 4 அங்குலக் குழாய் விடுகிறேன் என்று எந்தப் பிளம்பர் சொன்னாலும் அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிடுங்கள்.

மாடியில் இருக்கும் பாத்ரூம் என்றால் கீழ்த்தளத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். அந்த இடத்தில் மட்டும் தளம் ஓர் அடி அளவுக்குக் கீழே இறங்கியிருந்தால் அது சங்கன் தளம். குழாய்களை அந்தப் பள்ளத்துக்குள்ளேயே கொஞ்சம் நகர்த்த இடமிருக்கிறது. இறங்காமல் சமமாக இருந்தால் அந்த வசதி கிடையாது. மாசி வீதிகளைச் சுற்றியுள்ள பழைய வீடுகளில் மரவிட்டத்தின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் இன்னும் இருக்கிறது. அதன் மேல் புதுசாகப் பாத்ரூம் ஏற்றுவது பற்றி யோசிக்கவே வேண்டாம். எடை ஒரு பக்கம், ஈரத்தில் விட்டம் உளுத்துப்போவது இன்னொரு பக்கம்.

கடைசியாக, மொட்டை மாடியில் சாக்பீஸால் பாத்ரூமை நிஜ அளவில் வரையுங்கள். காகிதத்தில் பார்த்துத் தலையாட்டுவது வேறு, உள்ளே நிற்பது வேறு. கோப்பையின் நடுவிலிருந்து பக்கச் சுவருக்கு 15 அங்குலம், கோப்பைக்கு முன்னால் 2 அடி, குளிக்க 3க்கு 3 அடி. கொத்தனார் அந்தக் கட்டத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, "இதுதான் கோப்பை, உக்காந்து பாருங்கம்மா" என்பார். வீட்டம்மா உட்கார்ந்து ஒரு பக்கம் சாய்ந்து பார்த்துவிட்டு, "ஏப்பா, முழங்கை பேசின்ல இடிக்குதே" என்றால் பேசினை அழித்து 6 அங்குலம் தள்ளி வரைந்தால் போயிற்று. டைல்ஸ் ஒட்டிய பிறகு அதே வார்த்தை வந்தால் அது பல ஆயிரம் ரூபாய் வார்த்தை.

## கதவைத் திறந்தால் கோப்பையில் இடிக்கிறது. உள்ளே போய் ஒதுங்கி நின்றால்தான் மூட முடிகிறது

இரண்டரை அடிக் கதவு உள்பக்கம் திறந்தால், 5 அடி அகல அறையில் பாதியைக் கதவே சுருட்டிக்கொள்கிறது. கோப்பையைத் தள்ளி வைக்கத் தோன்றும். வேண்டாம். கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றுங்கள். ஒரே நாள் தச்சு வேலையில் அறை பெரிதாகிவிடும். வெளியே கட்டிலோ பீரோவோ தடுத்தால் சுவரோடு ஓடுகிற கதவு போடலாம். ஆனால் அது சத்தத்தையும் வாசனையையும் முழுக்க அடைக்காது. அதைத் தெரிந்துதான் போட வேண்டும்.

வெளியே திறக்கும் கதவுக்கு இன்னொரு நன்மை, வயதானவர்கள் இருக்கும் வீட்டில் அது பெரிய நன்மை. உள்ளே யாராவது மயங்கிக் கதவோரம் விழுந்தால், உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ள முடியாது. வெளிப்பக்கம் திறப்பதை இழுத்துவிடலாம். தாழ்ப்பாளும் வெளியிலிருந்து காசை வைத்துத் திருகித் திறக்கக்கூடிய வகையாக வாங்குங்கள்.

கதவு வேலை பார்க்கும்போதே நிலைக்காலின் அடியைக் கத்தியால் குத்திப் பாருங்கள். மரம் பொதபொதவென்று இருந்தால் பெயின்ட் அடித்து மூடாமல், கிரானைட் நிலைக்கு மாறிவிடுங்கள். மேலூர்ப் பக்கம் கிரானைட் கல் வெட்டின ஊர்க்காரர்களான நாம் பாத்ரூமுக்கு மரநிலை வைத்து அழுகவிடுவது ஏன் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

## ஒருவர் குளித்துவிட்டு வந்தால் அறை முழுக்க ஈரம். கோப்பை முன்னால் தண்ணீர் நிற்கிறது

இரண்டு காரணம். ஒன்று, பொருள்கள் நிற்கும் வரிசை. இன்னொன்று, வாட்டம்.

வரிசை என்னவென்றால், கதவிலிருந்து உள்ளே போகப் போக ஈரம் கூட வேண்டும். முதலில் பேசின், அடுத்து கோப்பை, கடைசிச் சுவரில் ஷவரும் வாளியும். பழைய வீடுகளில் கதவுக்குப் பக்கத்திலேயே குளிக்கும் குழாய் இருக்கும், கோப்பை கடைசியில் இருக்கும். இங்கே கோப்பையை நகர்த்தாமல் என்ன செய்வது? கதவைத்தான் பார்க்க வேண்டும். படுக்கையறைச் சுவரின் நீளத்தில் கதவை மறுகோடிக்குக் கொண்டுபோனால், அதே கோப்பை இப்போது கதவுப் பக்கம் வந்துவிடும். குளிக்கும் இடம் தானாகக் கடைசிக்குப் போய்விடும். புது வாசலுக்கு மேல் லின்டல் போட வேண்டும், பழைய வாசலை அடைக்க வேண்டும். இருந்தாலும் 4 அங்குலக் குழாயைத் தரைக்குள் இழுப்பதைவிட அது எளிய வேலை. கதவு குறுகின பக்கத்துச் சுவரில் இருந்தால் இந்த வழி இல்லை. அப்போது பேசினையும் ஷவரையும் மட்டும் இடம் மாற்றி, நடுவில் ஒரு தடுப்பு வைக்க வேண்டியதுதான்.

தடுப்பு என்றதும் பைபாஸ் ரோட்டு ஷோரூம்களில் பளபளவென்று நிற்கும் கண்ணாடிதான் ஞாபகத்துக்கு வரும். போர் தண்ணீர் உபயோகிக்கும் வீடானால் யோசியுங்கள். நம் ஊர் உப்புத் தண்ணீர் காய்ந்தால் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளி படியும்; குளித்த கையோடு வைப்பரால் வழித்துவிடுகிற பழக்கம் வீட்டில் எல்லோருக்கும் இருந்தால் மட்டும் கண்ணாடி. இல்லாவிட்டால் 3 அடி உயரத்துக்கு ஒரு சின்னக் குட்டைச்சுவர், மேலே கிரானைட் துண்டு. சோப்பு வைக்கவும் ஆயிற்று, கை ஊன்றவும் ஆயிற்று.

இனி வாட்டம். குளிக்கும் இடத்தில் ஓர் அடிக்குக் கால் அங்குலம், மற்ற இடத்தில் அதில் பாதி. அரைக்கால் அங்குலம் என்பது கண்ணுக்குத் தெரியாது, காலுக்கும் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். சல்லடை அறையின் நடுவில் இருக்கக் கூடாது. நடுவில் இருந்தால் எல்லாத் தண்ணீரும் நீங்கள் நடக்கும் பாதையைக் கடந்துதான் அங்கே போகும். ஷவருக்குக் கீழே, கடைசிச் சுவர் ஓரமாக வையுங்கள்.

இங்கேதான் டைல்ஸ் அளவு குறுக்கே வருகிறது. 2க்கு 2 அடி டைல்ஸை நான்கு பக்கமிருந்தும் ஒரு புள்ளிக்குச் சாய்க்க முடியாது, மூலைவாட்டில் வெட்ட வேண்டிவரும். டைல்ஸ் போடுபவர் வெட்டச் சோம்பல்பட்டு மட்டமாகவே ஒட்டிவிட்டுப் போவார். ஆக, குளிக்கும் இடத்துக்கு 1க்கு 1 அடி வழுக்காத டைல்ஸ் வாங்குங்கள். பெரிய டைல்ஸ்தான் வேண்டும் என்றால் சுவரோரமாக நீளச் சல்லடை போட்டு, தரை முழுவதையும் ஒரே பக்கமாகச் சாய்த்துவிடுங்கள்.

ஒட்டின பிறகு, கூலி கொடுக்கும் முன், கதவோரம் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிப் பாருங்கள். கொஞ்ச நேரம் கழித்து எங்கே குளம் நிற்கிறதோ அங்கே சாக்பீஸால் வட்டம் போடுங்கள். பசை இறுகும் முன் என்றால் இரண்டு டைல்ஸைப் பெயர்த்து மாற்றலாம். மறுவாரம் சொன்னால், "சார், வைப்பர் வச்சுத் தள்ளிட்டா போதும்" என்ற பதில்தான் கிடைக்கும்.

பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டலாம் என்று ஒரு யோசனை சொல்வார்கள். சுவரில் ஒட்டுங்கள், பரவாயில்லை. தரையில் ஒட்டினால் அரை அங்குலத்துக்கு மேல் மட்டம் ஏறும். பழைய வாட்டம் தப்பாக இருந்தால் அதே தப்பு அரை அங்குலம் மேலே வந்து உட்காரும். வாசலில் தண்ணீரைத் தடுக்கும் இறக்கமும் போய்விடும்.

## தண்ணீர் படுக்கையறைப் பக்கம் வருகிறது

பாத்ரூம் தரை படுக்கையறைத் தரையைவிட அரை முதல் முக்கால் அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும், வாசலில் குறுக்கே கிரானைட் பட்டை இருக்க வேண்டும். இரண்டும் இருந்தும் படுக்கையறைச் சுவரின் அடியில் பெயின்ட் பொரிந்து ஓதம் ஏறினால், தண்ணீர் மேலே வரவில்லை, டைல்ஸுக்கு அடியில் வருகிறது. வாட்டர்ப்ரூஃபிங் பூச்சு வாசல் கல்லோடு நின்றிருக்கும். அந்தக் கல்லைப் பெயர்த்து, பூச்சை அதன் அடிவரை கொண்டுபோய்த் திருப்பி ஏற்றிவிட்டு மறுபடி பதிக்க வேண்டும்.

## நாற்றம் வருகிறது

எப்போது வருகிறது என்பதுதான் முதல் கேள்வி. பினாயிலும் வாசனை உருண்டையும் இதற்கு மருந்தல்ல.

ஊருக்குப் போய்த் திரும்பிய அன்று மட்டும் வருகிறதா? சல்லடைக்குக் கீழே இருக்கும் நஹானி ட்ராப்பில் தேங்கி நின்று, கீழிருந்து வரும் காற்றைத் தடுக்கும் தண்ணீர் வற்றிவிட்டது. ட்ராப்பில் 50 மில்லிமீட்டர் தண்ணீர் நிற்க வேண்டும். பழைய வீடுகளில் கிண்ணம் கவிழ்த்த மாதிரி மேலோட்டமான ட்ராப் இருக்கும். சித்திரை வெயிலில் அது சீக்கிரம் காய்ந்துவிடும். ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால் நாற்றம் நின்றால் காரணம் இதுதான். இடிக்கும்போது ஆழமான ட்ராப்பாக மாற்றுங்கள். யாரும் தண்ணீர் ஊற்றாத உலர்ந்த பக்கத்தில் 'எதற்கும் இருக்கட்டும்' என்று இரண்டாவது சல்லடை வைக்காதீர்கள். அது காய்ந்தே கிடந்து வீட்டை நாறடிக்கும்.

யாராவது ஃப்ளஷ் செய்த உடனே சல்லடை களக்களக்கென்று சத்தம் போட்டு, அப்புறம் நாறுகிறதா? கோப்பைத் தண்ணீர் வேகமாக இறங்கும்போது குழாயில் காற்று போதாமல், பக்கத்து ட்ராப்பின் தண்ணீரை உறிஞ்சி இழுக்கிறது. மொட்டை மாடிக்கு மேலே போகும் காற்றுக் குழாய் இல்லை, அல்லது இருந்து அடைத்திருக்கிறது. ஏறிப்போய்ப் பாருங்கள், மாடியில் ஷீட் போட்டபோது அதை அறுத்து மூடியிருப்பார்கள். குழாயை ஷீட்டுக்கு மேலே நீட்டி, வாயில் கொசுவலை கட்டிவிடுங்கள்.

எந்நேரமும், அதுவும் கோப்பையைச் சுற்றி மட்டும் வருகிறதா? கோப்பையின் அடி குழாயில் சேரும் இடம் சரியில்லை. வெறும் வெள்ளைச் சிமென்ட் அப்பி உட்கார வைத்திருந்தால் நாளடைவில் விரிசல் விடும். கழற்றி, ரப்பர் வளையம் உள்ள இணைப்பு போட்டு உட்கார வைக்க வேண்டும்.

பேசினை இடம் மாற்றிய பிறகு புதிதாக வருகிறதா? பேசின் குழாயைப் பிளம்பர் நேராகக் கோப்பைக் குழாயில் சொருகியிருப்பார். அது நஹானி ட்ராப்புக்கு வந்து, அதன் வழியாகத்தான் போக வேண்டும். பேசினுக்கு அடியிலும் தனியாக ஒரு ட்ராப் இருக்க வேண்டும். சுவருக்குள் மறைத்துவிட்ட பிறகு இதைச் சரிசெய்வது கொடுமை. மூடும் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

## கோப்பையை இடம் மாற்றினோம், இப்போது ஃப்ளஷ் சரியாகப் போகவில்லை

வேண்டாம் என்று தலைப்பாடாக அடித்துக்கொள்ளும் இடம் இது.

4 அங்குலக் குழாய்க்கு ஓர் அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் வேண்டும். கோப்பையை 6 அடி தள்ளி வைத்தால் ஒன்றரை அங்குலம் இறக்கம். அதோடு குழாயின் 110 மில்லிமீட்டர் வெளிவிட்டம், பெண்டின் (குழாய் திரும்பும் வளைவுத் துண்டின்) உயரம், மேலே காரை, டைல்ஸ். எல்லாம் சேர்த்தால் 9, 10 அங்குலம் ஆழம் கேட்கும். சங்கன் தளம் இருந்தால் அடங்கும். இல்லாவிட்டால் என்ன செய்வார்கள்? வாட்டத்தைக் குறைத்துப் படுக்கையாகக் குழாயை ஓட்டுவார்கள், அல்லது கோப்பைக்கு மட்டும் மேடை கட்டி ஏறி உட்காரச் சொல்வார்கள். முழங்கால் வலிக்காரர்கள் இருக்கும் வீட்டில் மேடை ஆகாது.

பழைய உயரத் தொட்டி ஒரு முறை இழுத்தால் 10 லிட்டருக்கு மேல் கொட்டும். இப்போதைய இரட்டைப் பொத்தான் தொட்டி 6 லிட்டர், சின்னப் பொத்தான் 3 லிட்டர். அன்றைக்கு வாட்டம் கொஞ்சம் குறைந்திருந்தாலும் வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடும். இன்றைக்குப் போகாது, பாதி வழியில் நின்றுவிடும். ஆக, புதுக் கோப்பை மேல் பழியைப் போடுவதற்கு முன் சேம்பரைத் திறந்து வைத்து ஒரு முழு வாளித் தண்ணீரை ஒரே வீச்சில் கோப்பையில் ஊற்றுங்கள். வாளிக்குப் போய், தொட்டிக்குப் போகவில்லை என்றால் குழாய் நீளமும் வாட்டமும்தான் குற்றவாளி. வாளிக்கும் போகாவிட்டால் அடைப்பு, அல்லது திருப்பத்தில் நேர்க்குத்தான 90 பாகை பெண்ட். அதற்குப் பதில் இரண்டு 45 பாகை பெண்ட் போட்டிருக்க வேண்டும். பக்கத்தில் திறந்து சுத்தம் செய்ய ஒரு மூடியும் வேண்டும்.

நகர்த்தியே ஆக வேண்டும் என்றால் ஒரு வழி உண்டு. கோப்பை வெளிச்சுவரை ஒட்டி வரட்டும், தரை வழியாக இல்லாமல் சுவர் வழியாகக் குழாய் வெளியேறட்டும். அதற்குப் பி-ட்ராப் கோப்பை வாங்க வேண்டும். அதன் வாய் தரையிலிருந்து சுமார் 7 அங்குல உயரத்தில் இருக்கும். குழாய் வீட்டுக்கு வெளியே இறங்குவதால் எது உடைந்தாலும் டைல்ஸைத் தொடாமல் சரிசெய்யலாம். சுவரில் தொங்கும் கோப்பைக்கும் இதே முறைதான்.

இருக்கும் இடத்திலேயே புதுக் கோப்பை வைப்பவர்களுக்கும் ஓர் அளவு முக்கியம். தரை வழியாகக் குழாய் இறங்கும் எஸ்-ட்ராப் கோப்பைகளுக்குச் சுவரிலிருந்து குழாய் நடுவுக்கு 9 அங்குலம், 12 அங்குலம் என்று தனித்தனி அளவு உண்டு. இந்த அளவைப் புது டைல்ஸின் முகத்திலிருந்து எடுக்க வேண்டும், வெறும் சுவரிலிருந்து அல்ல. பூச்சும் டைல்ஸும் சேர்ந்து ஓர் அங்குலம் தின்றுவிடும். அந்த ஓர் அங்குலத்தால் வாங்கிவந்த கோப்பை பொருந்தாமல் கடைக்கே திரும்புவது அடிக்கடி நடக்கிற கூத்து.

## ஷவரில் தண்ணீர் நூல்போல வருகிறது

ஷவரை மாற்றிப் பயனில்லை, உயரத்தைக் கணக்குப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டி ஷவரைவிட ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைப்பது 0.1 பார் அழுத்தம். மொட்டை மாடியில் தரையோடு வைத்த தொட்டி, அதற்கு நேர் கீழ் மாடியில் 7 அடி உயரத்தில் ஷவர் என்றால் உயர வித்தியாசம் ஒன்று, ஒன்றரை மீட்டர்தான். பெரிய வட்ட ஷவர்களுக்கும் வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து தரும் ஒற்றைக் கைப்பிடி மிக்சர்களுக்கும் 0.5 பாரோ அதற்கு மேலோ வேண்டும் என்று அட்டைப்பெட்டியிலேயே போட்டிருக்கும். அரை பார் என்றால் 5 மீட்டர். உங்கள் வீட்டில் அது இருக்கிறதா?

வாங்கும் முன் பழைய ஷவரைக் கழற்றிவிட்டு, அந்த வாயில் 15 லிட்டர் வாளியைப் பிடியுங்கள். ஒன்றரை நிமிடத்தில் நிறைந்தால் நிமிடத்துக்கு 10 லிட்டர்; சின்ன ஷவருக்கு அது தாராளம். மூன்று நிமிடம் ஆனால் குழாய் வேலை இருக்கிறது. பழைய இரும்புக் குழாய் துருவும் உப்பும் பிடித்து உள்ளே சுருங்கியிருக்கும். தொட்டியிலிருந்து ஓர் அங்குலக் குழாய் இறங்கி, முக்கால் அங்குலத்தில் பாத்ரூமைச் சுற்றி, கடைசியில் மட்டும் அரை அங்குலம் ஆகட்டும். குழாய் மேலே ஏறி இறங்கி வளைந்து போனால் நடுவில் காற்று அடைத்துக்கொள்ளும். அப்படியும் போதாவிட்டால் தொட்டியை 4, 5 அடி மேடையில் ஏற்றலாம், அல்லது சின்ன பிரஷர் பம்ப். இரும்புக் குழாயை மாற்றாமல் பம்ப் மட்டும் போட்டால் பழைய மூட்டுகளில் ஒழுகல் ஆரம்பிக்கும்.

போர் தண்ணீர் வீடுகளுக்கு என் யோசனை: மிக்சரைச் சுவருக்குள் மறைக்காதீர்கள். உப்புப் பிடித்து இறுகினால் டைல்ஸைத் தொட வேண்டிவரலாம். சுவருக்கு வெளியே தெரியும் வால் (சுவர்) மிக்சர் பார்க்க அத்தனை நாகரிகமில்லை. ஒரு ஸ்பேனரில் வேலை முடிகிறது.

## கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் படர்கிறது

எப்போது ஈரம் கூடுகிறது என்று சில நாள் கவனியுங்கள். இரவும் பகலும் ஒரே மாதிரி இருந்தால் அழுத்தத்தில் நிற்கும் தண்ணீர்க் குழாய். வால்வை மூடிவைத்துக் குறைகிறதா பாருங்கள். குளித்த பிறகு கூடினால் தரை. ஃப்ளஷுக்குப் பிறகு கூடினால் கோப்பை மூட்டு. ஐப்பசி கார்த்திகை மழையில் மட்டும் என்றால் பாத்ரூமை விட்டுவிட்டு வெளிச்சுவரைப் பாருங்கள்.

தரைதான் என்று தெரிந்தால் இடுக்கில் பேஸ்ட் தேய்ப்பது தற்காலிகம். சங்கன் பள்ளத்தில் நிரப்பிய செங்கல் ஜல்லி முழுக்க ஊறிக் கிடக்கும். அதை வழித்து எடுத்துக் காயவிட வேண்டும். மூலைகளை வட்டமாக உருட்டிப் பூசி, வாட்டர்ப்ரூஃபிங் பூச்சை இரண்டு முறை ஒன்றுக்கொன்று குறுக்காக அடித்து, சுவரில் ஓர் அடி வரையிலும் ஷவர்ப் பக்கம் தலை உயரம் வரையிலும் ஏற்ற வேண்டும். பிறகு சல்லடையை அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி இரண்டு நாள் விடுங்கள். நம் ஊர் வெயிலில் மட்டம் தானாகவும் இறங்கும். அது ஆவியா கசிவா என்று சண்டை வராமலிருக்க, பக்கத்திலேயே ஒரு டப்பில் தண்ணீர் வைத்து இரண்டிலும் கோடு போட்டுவிடுங்கள். டப்பைவிடத் தரை அதிகம் இறங்கினால் கசிகிறது.

இந்தச் சோதனை நாட்களை வேலைத் திட்டத்தில் முன்பே எழுதிவிடுங்கள். அழகர் ஆற்றில் இறங்கும் சமயத்தில் ஆட்கள் யாரும் வரமாட்டார்கள், வீட்டிலோ விருந்தாளிகள் இருப்பார்கள். பாதி உடைத்த பாத்ரூமோடு சித்திரைத் திருவிழாவைச் சந்திக்க வேண்டாம்.

## கண்ணாடியில் ஆவி, கூரையில் கறுப்புப் பூஞ்சை

வெளிக்காற்று வரும் திறப்பு 0.37 சதுர மீட்டராவது, அதாவது 4 சதுர அடியாவது இருக்க வேண்டும் என்பது விதித்தொகுப்பின் கணக்கு. ஃபால்ஸ் சீலிங் போடுகிறேன் என்று வென்டிலேட்டரில் பாதியை மறைத்துவிடுவார்கள். அங்கேயே பூஞ்சை ஆரம்பம். எக்ஸாஸ்ட் ஃபேன் ஷவர்ப் பக்கம் இருக்கட்டும், கதவுக்கு அடியில் அரை அங்குலம் இடைவெளி இருக்கட்டும். காற்று உள்ளே வர வழியில்லாமல் ஃபேன் எதை இழுக்கும்?

## கீசர், சுவிட்ச்

2,000 வாட் கீசர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். அதற்குத் தனி ஒயர், 16 ஆம்பியர் பிளக், மெயினில், மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இவை பேரத்துக்கு உட்பட்டவை அல்ல. பிளக், சுவிட்ச் எதுவும் குளிக்கும் இடத்திலிருந்து 2 அடிக்குள் வரக் கூடாது. கீசர் சுவிட்சைக் கதவுக்கு வெளியே வைத்தால் இன்னும் நல்லது. உப்புத் தண்ணீரில் கீசரை அவ்வப்போது திறந்து காயிலைச் சுத்தம் செய்ய வேண்டியிருப்பதால், அதை ஃபால்ஸ் சீலிங்குக்குள் ஒளிக்காதீர்கள்.

## வாஸ்துக்காரர் கோப்பையை மாற்றச் சொல்கிறார்

ஈசானிய மூலையில் கோப்பை கூடாது என்பது வீட்டுப் பெரியவர்களுக்கு முக்கியம் என்றால் அதோடு மல்லுக்கு நிற்க நான் வரவில்லை. மூலை வேண்டாம் என்றால் அதே சுவரில் இரண்டு அடி தள்ளினால் போதுமா என்று அவரிடமே கேளுங்கள், பெரும்பாலும் ஒப்புக்கொள்வார். இரண்டு அடிக்கு அரை அங்குல வாட்டம்தான், சமாளிக்கலாம். எதிர்மூலை என்றால் மேலே சொன்ன பி-ட்ராப் வழியைப் பாருங்கள்.

## எல்லாம் முடிந்தது, துண்டு போட இடமில்லை

படத்தில் யாரும் வரையாதவை: வாளி, மக், துண்டு, ஷாம்பு பாட்டில், தரை கழுவும் பிரஷ், அழுக்குத் துணிக் கூடை. வாளி நிற்க ஒன்றரை அடி விட்ட பிறகுதான் ஷவர்க் குழாயின் இடத்தை முடிவு செய்ய வேண்டும். சோப்பு மாடத்தைச் சுவரில் குடைவதானால் 9 அங்குலச் சுவரில் மட்டும், அடித்தட்டைக் கொஞ்சம் வெளிப்பக்கம் சாய்த்து. கோப்பைக்குப் பக்கத்திலும் ஷவருக்குப் பக்கத்திலும் பிடிக்கம்பி வேண்டும், இன்றைக்குப் பொருத்தாவிட்டாலும் அந்த இடத்தில் கெட்டியான செங்கல் இருக்கட்டும். தரையிலிருந்து 3 அடிக்குக் கொஞ்சம் குறைவான உயரம் சரியாக இருக்கும்.

கொக்கி அடிக்க டிரில் மிஷின் எடுப்பவர் முதலில் கேட்க வேண்டியது, சுவர் மூடும் முன் டேப்பை விரித்துவைத்து எடுத்த குழாய்ப் படம். அது யார் போனில் இருக்கிறது என்று இப்போதே பார்த்து, வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பிவிடுங்கள்.